ராஜபாட்டை இருக்க, திருட்டு வாசல் எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியை வாயில் வைக்கப் போகிறேன், எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். திருநெல்வேலிக்காரி. புனே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளும் வீட்டுக்காரரும் ஹிஞ்சவடியில் பொட்டி தட்டுகிறார்கள்.

"அக்கா, வர்ற சனிக்கிழமை ஹரிஹர் கோட்டைக்கு ட்ரெக்கிங் போறோம். பஸ்ஸு, டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் சேத்து ஆளுக்கு ஆயிரத்து இருநூறுதான். நீங்களும் வாங்களேன்."

"பையனையுமா கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆமாக்கா. பிகினர்ஸ் லெவல்னுதான் போட்டிருக்கு."

ஏழு வயதுப் பையன். ஜூலை மாத மழை. ஹரிஹர். எனக்குக் காப்பி ஆறியதுதான் மிச்சம்.

தெரியாதவர்களுக்காக: ஹரிஹர் என்பது நாசிக் மாவட்டத்தில், திரியம்பகேஷ்வர் பக்கம் இருக்கிற பழைய கோட்டை. கடைசிக் கட்டத்தில் பாறையிலேயே வெட்டிய படிகள். ஏணியைச் சுவரில் சாத்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கை பிடித்துக்கொள்ள ஒவ்வொரு படியிலும் குழி செதுக்கியிருக்கிறார்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே படியில்தான். வெயில் காலத்தில் பழகியவர்கள் ஏற வேண்டிய இடம் அது. அதை மழையில், கூட்டத்தில், ஏழு வயதுக் குழந்தைக்கு "பிகினர்ஸ் லெவல்" என்று விற்கிறார்கள்.

அன்றைக்கு அவளிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். படிக்கும்போது கோபமாக எழுதியிருக்கிறாளே என்று தோன்றினால், ஆமாம், கோபம்தான். அந்தக் கோபத்தில் பாதி என் மேல் எனக்கே உள்ளது.

2019 ஜூலை. நாங்களும் இப்படித்தான் போனோம். ஆளுக்கு 999 ரூபாய், "குடும்பத்தோடு வரலாம், முதல்முறை ஏறுபவர்களுக்கு உகந்தது" என்று ஒரு வாரக்கடைசி குழுவின் விளம்பரம். இடம் ராஜ்கட். சிவாஜி மகாராஜா ராய்கட்டுக்கு மாறுவதற்கு முன்னால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தலைநகராக இருந்த கோட்டை. நான் திண்டிவனத்துக்காரி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் செஞ்சி ராஜகிரியை மூச்சு வாங்காமல் ஏறியவள். "செஞ்சி ஏறினவளுக்கு ராஜ்கட் எம்மாத்திரம்" என்று ரங்கமணியிடம் வீரவசனம் வேறு பேசியிருந்தேன். பெண்ணுக்கு அப்போது பதினொரு வயது.

இரண்டு பஸ், ஐம்பத்தி சொச்சம் பேர். வழிநடத்த இரண்டு பையன்கள், இருபத்தி மூன்று வயது தாண்டியிருக்காது. குஞ்சவணே என்கிற ஊரில் இறக்கிவிட்டார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் சொர்க்கம். மேகம் நம் தோளை உரசிக்கொண்டு போகிறது, எங்கே பார்த்தாலும் பச்சை, தூரத்தில் அருவி. பெண்ணுக்கு ஒரே குஷி. "பாத்தியா, சும்மா டிவி முன்னாடி உக்காந்திருப்பீங்களே" என்று இருவருக்கும் உபதேசம் செய்துகொண்டே ஏறினேன்.

அப்புறம் வந்தது அந்தப் பாறை. செங்குத்தாக மேலே போகிறது, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி நனைந்து வழுக்குகிறது. பாறை மேல் பாசி. மேலே இருந்து ஒரு குழு இறங்குகிறது, கீழே இருந்து மூன்று குழு ஏறுகிறது. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தப் பாறையில் வரிசையில் நின்றோம். உட்கார இடமில்லை, திரும்ப வழியில்லை. எனக்கு முன்னால் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மேலேயும் போகமாட்டேன், கீழேயும் வரமாட்டேன். வழிகாட்டிப் பையன் மேலே இருந்து "கம் ஆன் ஆண்ட்டி, யூ கேன் டூ இட்" என்று கத்துகிறான். அவனுக்குத் தெரிந்த மலையேற்றப் பயிற்சி அவ்வளவுதான்.

என் பெண்ணின் கால் ஒரு தடவை வழுக்கியது. பின்னால் வந்த, பெயர் தெரியாத ஒரு மராட்டிக்காரத் தம்பி அவள் முதுகுப்பையைப் பிடித்து நிறுத்தினார். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நொடி. ஆனால் அந்த ஒரு நொடி இன்றைக்கும் சில ராத்திரிகளில் எனக்குத் திரும்ப வரும்.

இறங்கும்போது இருட்டிவிட்டது. மொபைல் வெளிச்சத்தில் இறங்கினோம். ரங்கமணியின் முழங்கால் போயே போய்விட்டது. கீழே ஊரில் ஒரு வீட்டில் பிட்லாவும் பாக்ரியும் போட்ட பாட்டி எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லேகராலா கேவுன் இக்டூன் கா ஆலாத்? பாலி தர்வாஜானே கா நாஹி கேலாத்?" குழந்தையைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கமாக ஏன் வந்தீர்கள், பாலி வாசல் வழியாக ஏன் போகவில்லை என்று.

பாலி வாசலா? அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

விஷயம் இதுதான் மக்களே. ராஜ்கட்டுக்கு ஒரு வழி மட்டும் இல்லை. நாங்கள் ஏறியது சோர் தர்வாஜா வழி. தமிழில் சொன்னால் திருட்டு வாசல். குனிந்துதான் நுழைய முடியும். இன்னொரு பக்கம் பாலி தர்வாஜா. அகலமான கற்படிகள், பெரிய வாசல், பல்லக்கும் சுமையும் போய்வந்த பாதை. ஒன்று யாரும் சுலபமாக ஏறிவிடக் கூடாது என்று வைத்தது. மற்றது மனிதர்கள் தினமும் ஏறி இறங்க வேண்டும் என்று வைத்தது. எது எளிது, எது கடினம் என்று முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே பிரித்து, வாசலுக்குப் பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றைக்குப் படித்தவர்கள் நாம் "ராஜ்கட், பிகினர்ஸ்" என்று ஒரே வரியில் எழுதியதை நம்பிப் பணம் கட்டுகிறோம்.

மலைக்கு எளிது, கடினம் என்று கிடையாது. வழிக்குத்தான் உண்டு. எந்த மாதம் என்பதற்கு உண்டு. இந்த இரண்டையும் சொல்லாமல் "பிகினர்ஸ்" என்று மட்டும் எழுதுகிறவன் நம்மை ஏமாற்றுகிறான் என்பதுதான் என் கட்சி.

ராஜ்கட் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஹரிச்சந்திரகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாச்னை ஊரிலிருந்து ஏறினால் இரண்டு மூன்று மணி நேர நடை, ஓரளவு நடக்கிறவர்கள் போய்விடலாம். கிரேஷ்வர் வழி அதைவிட நீளம், கடினம். பேல்பாடாவிலிருந்து நளீச்சி வாட் என்று ஒரு வழி, அது கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றும் போய்ச் சேர்வது அதே கொங்கண் கடாவின் தலையில்தான். பீமாசங்கரும் அப்படித்தான். காண்டஸ் பக்கமிருந்து கணேஷ் காட் வழி சுற்று, நீளம், ஆனால் நடந்துவிடலாம். ஷிடி காட் வழி குறுக்கு, பாறையும் இரும்பு ஏணியும். மழையில் அது விளையாட்டு இல்லை. ராஜ்மாச்சிக்கு லோணாவளாவிலிருந்து போனால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். கர்ஜத் பக்கம் கோண்டிவடேயிலிருந்து போனால் தூரம் குறைவு, ஏற்றம் அதிகம்.

சஹ்யாத்ரி ஏன் இப்படி இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய பாறை இது. அதனால் மலையே படிக்கட்டு மாதிரிதான் இருக்கும். ஒரு தட்டு, ஒரு சுவர், மறுபடி ஒரு தட்டு, ஒரு சுவர். கடைசிச் சுவருக்கு மேலே உள்ள தட்டில்தான் கோட்டை கட்டுவார்கள். அதாவது இரண்டு மணி நேரம் சாதாரணமாக நடந்துவிட்டு, களைத்துப்போன கடைசி நூறு அடியில்தான் ஆபத்து காத்திருக்கும். "முக்கால்வாசி வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லுகிற இடம்தான் திரும்பிவிட வேண்டிய இடம். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து எளிது என்று முடிவு செய்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்தது மழை. பச்சையும் அருவியும் மேகமும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அதனால் விற்பனையும் அப்போதுதான். புதிதாக ஏறுகிறவர்களை, ஏறவே கூடாத மாதங்களில் மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு போவதுதான் இந்த வியாபாரம். 2023 மழைக்காலத்தில் லோஹகட்டில் மணிக்கணக்கில் கூட்டம் சிக்கி நின்ற காட்சியை நம்மில் பலர் போனில் பார்த்திருப்போம். அது படிக்கட்டு உள்ள சாதாரண கோட்டை. 2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூஷி அணை அருகே ஓர் ஓடையில் நின்றிருந்த குடும்பத்தில் ஐந்து பேர் தண்ணீரோடு போனார்கள். அவர்கள் மலைகூட ஏறவில்லை.

நாம் பச்சை என்று ரசிக்கிற அதே மழைதான் 2014 ஜூலை 30 அன்று பீமாசங்கர் பக்கத்து மாளீண் ஊரை மண்ணோடு மூடி, சுமார் 150 உயிரைக் கொண்டுபோனது. 2023 ஜூலை 19 ராத்திரி இர்ஷால்கட்டின் காலடியில் இர்ஷால்வாடி போனது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள். அவர்களுக்கே மலை சொல்லாமல் சரிந்தது. சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிற நமக்கு முன்கூட்டிக் கடிதம் போடுமா?

"நாங்க வெள்ளியங்கிரி ஏறியிருக்கோம், பர்வதமலை ஏறியிருக்கோம்" என்கிற கட்சிக்கு வருகிறேன் (நானே செஞ்சிக் கட்சிதானே!). ஏறியிருப்பீர்கள், மறுக்கவில்லை. பர்வதமலையில் கடப்பாறையையும் சங்கிலியையும் பிடித்து ஏறியவர்கள் சாதாரண ஆள் இல்லை. ஆனால் வெள்ளியங்கிரிக்கு அனுமதி பிப்ரவரியிலிருந்து மே வரை. மழைக்காலத்தில் ஏறி வந்த அனுபவம் அது இல்லை. ஒரு மலையில் கிடைத்த அனுபவம் இன்னொரு மலையில் செல்லாக்காசு ஆகலாம்.

அனுபவசாலிகளுக்கும் இது பொருந்தும். 2024 ஜூனில் உத்தரகண்ட் சஹஸ்ரதாலுக்குக் கர்நாடகாவிலிருந்து போன 22 பேர் பனிப்புயலில் சிக்கி, ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. பல மலைகளைப் பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. வானிலை யாருடைய அனுபவத்தையும் விசாரித்துவிட்டு வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் குடும்பங்களில் இப்போது நேராக இமயமலைக்குப் போகிற பழக்கமும் வந்திருக்கிறது. கேதார்காந்தா, டிசம்பர் லீவு, பனியில் போட்டோ. அதுவும் "பிகினர்ஸ்"தான். பாறை ஏற்றம் அதிகம் இல்லை என்கிற அர்த்தத்தில் சரி. ஆனால் உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். 2,500 மீட்டருக்கு மேலே போனாலே உயர நோய் வரலாம். தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் வரும், போகாதவருக்கு வராமலும் இருக்கும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் ஒரே நல்ல வைத்தியம் கீழே இறங்குவது. இதைச் சொல்லித்தந்துவிட்டு அழைத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். "பிகினர்ஸ்" என்கிற சொல் இரண்டு பேரிடமும் ஒன்றுதான்.

"அப்போ வீட்டிலேயே கிடக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அதே 2019 டிசம்பரில், மழை போய்ப் புல் காய்ந்து பொன் நிறமான பிறகு, மறுபடி ராஜ்கட் போனோம். இந்த முறை பாலி தர்வாஜா வழி. ஊரில் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, காலை ஆறரைக்கே ஏறத் தொடங்கினோம். என் மாமியார், அப்போது வயது 64, புடவையோடு ஏறினார். நடுநடுவே உட்கார்ந்தார், முறுக்கு சாப்பிட்டார், பத்மாவதி அம்மனைச் சேவித்தார். சஞ்சீவனி மாச்சியின் நுனியிலிருந்து தோர்ணாவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வருஷம் இங்க இருந்துட்டு இதை எனக்கு காட்டலையேடா" என்று மகனைத் திட்டினார். அதே கோட்டைதான். வழி மாறியது, மாதம் மாறியது. ஜூலையில் என் பெண் அழுதுகொண்டே இறங்கிய மலையில், டிசம்பரில் அவள் பாட்டி பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்.

அரசாங்கத்தின் தீர்வு என்ன தெரியுமா? மழைக்காலத்தில் விபத்து நடந்தால் ஒரு தடை உத்தரவு. அருவி, அணை, கோட்டை எல்லாவற்றுக்கும் மொத்தமாக. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. ஓர் இடத்தை மூடினால் கூட்டம் பக்கத்து மலைக்குப் போகிறது, அங்கே கம்பிகூட இருக்காது. அந்த நான்கு மாதத்தில் பாக்ரி விற்றுப் பிழைக்கிற ஊர்க்காரருக்குத்தான் அடி. வேண்டியது பூட்டு இல்லை, பலகை. மலையடிவாரத்தில் மராட்டியில், இந்தியில், ஆங்கிலத்தில் எழுதி வைக்கட்டும்: இது எந்த வழி, எத்தனை மணி நேரம், எங்கே செங்குத்து, எந்த மாதத்தில் கூடாது, எத்தனை மணிக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான், ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும் என்று வைக்கட்டும்.

இது நடக்காத காரியமும் இல்லை. நம் ஊரில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த பிறகு விதிமுறை எழுதினார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, முன்பதிவு வைத்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக்கி ஒரு திட்டம் தொடங்கியது. குறை இருக்கலாம். ஆனால் கவனியுங்கள், தரம் பிரித்தது வழிகளை. அதற்கு ஆறு வருடமும் அத்தனை உயிரும் ஆனது. இங்கே அது வரைக்கும் காத்திருக்க வேண்டுமா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ராஜ்கட்டும் லோஹகட்டும் அதில் உண்டு. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட பெருமை சொல்லி மாளாது. கூடவே பயமும். பட்டியலில் பெயர் வந்தால் பஸ்ஸும் கூடுதலாக வரும்.

அரசாங்கம் பலகை வைக்கிற வரை நாமாவது கேட்கலாம். கத்திரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். குழந்தையை மலைக்கு அனுப்பும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. மலையின் பெயர் வேண்டாம், வழியின் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து ஏறுகிறோம்? அதைவிட எளிய வழி இருக்கிறதா, இருந்தால் ஏன் அதில் போகவில்லை?

2. பாறையோ ஏணியோ கம்பியோ பிடித்து ஏறும் இடம் உண்டா? அதே வழியில்தான் இறங்க வேண்டுமா?

3. எத்தனை பேர், எத்தனை வழிகாட்டிகள்? அவர்கள் முதலுதவியும் கயிறும் தெரிந்தவர்களா?

4. எத்தனை மணிக்குள் மேலே போய்ச் சேராவிட்டால் திரும்பிவிடுவீர்கள்? (இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரோடு போகவே போகாதீர்கள்.)

5. மழை வலுத்தால் பயணத்தை ரத்து செய்வீர்களா, பணம் திரும்ப வருமா?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு: அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, லோக்கல் ரயிலில் மளவ்லி இறங்கி லோஹகட். பிறகு பாலி வழியாக ராஜ்கட். பிறகு பாச்னை வழியாக ஹரிச்சந்திரகட். கால் பழகிய பிறகு மகாராஷ்டிராவின் உச்சியான கல்சுபாய், 1,646 மீட்டர். அங்கே இரும்பு ஏணிகள் உண்டு, கூட்டமில்லாத நாளாகப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் இப்படி நடந்தவர்களுக்கு ராஜ்கட்டிலிருந்து தோர்ணா வரை முகட்டின் மேலேயே ஒரு முழுநாள் நடை இருக்கிறது. அந்த அழகை எழுதி முடியாது. அதற்கும் மழை வேண்டாம்.

இன்னொன்று. மழையில் யாராவது சிக்கினால் ராத்திரியோடு ராத்திரியாகக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவது லோணாவளாவின் சிவதுர்க் மித்ரா மாதிரித் தன்னார்வக் குழுக்கள்தான். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளை குட்டி இருக்கிறது. நம் சனிக்கிழமைப் போட்டோவுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை எதிர்வீட்டுப் பெண் மறுபடி வந்தாள். அந்த ஐந்து கேள்விகளையும் போன் செய்து கேட்டாளாம். முதல் கேள்விக்கே "மேடம், ஒண்ணும் ஆகாது, ஆயிரம் பேர் போறாங்க" என்று பதில். ரத்து செய்துவிட்டாள். மூன்று பேருக்குக் கட்டிய 3,600 ரூபாய் திரும்ப வராதாம்.

"வயிறு எரியுதுக்கா" என்றாள்.

எரியட்டும். அது நாலு நாளில் ஆறிவிடும். நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை எல்லாருமாக ராஜ்கட் போவதாக முடிவு. பாலி தர்வாஜா வழிதான். முறுக்கு என் பொறுப்பு. மாமியாரும் வருகிறேன் என்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்காலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பாதியில் உட்கார்ந்துகொள்வாராம். ராஜபாட்டையில் அந்த வசதி இருக்கிறது :-)